ஆயிரம் அடி வட்டமா, ஆளைப் பார்த்த கண்காணிப்பா? அமெரிக்கப் புறநகரில் பாலியல் குற்றப் பதிவேடும் குடியிருப்பும்

அமெரிக்கப் புறநகரில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஒரு முறையாவது அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கும். மாநில அரசின் பாலியல் குற்றப் பதிவேட்டில் முகவரியைத் தட்டினால், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களில் யார் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கதவிலக்கத்தில் இருக்கிறார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும். பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி. அந்தக் கலக்கம் அடங்கும் முன்பே கையில் ஒரு மனு வந்து சேரும்: பள்ளி, பூங்கா, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருக்கத் தடை விதிக்குமாறு நகர மன்றத்தைக் கேட்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்.

போடுவதா, வேறு எதையாவது கேட்பதா? மன்றங்களின் முன் வழக்கமாக வரும் வழிகள் ஐந்து. ஒவ்வொன்றும் குழந்தைகளுக்கு என்ன தருகிறது, சுமையை யார் தலையில் இறக்குகிறது என்று இங்கே எடை போடுகிறோம். சுமை என்றால் இனமும் வாடகையும் சேர்ந்ததுதான். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

## முதலில்: உங்கள் மாநிலம் இடம் தருகிறதா?

கூட்டத்தில் மணிக்கணக்கில் வாதாடிய பிறகு, இந்த அதிகாரமே ஊருக்கு இல்லை என்று தெரியவருவதுண்டு. நியூ ஜெர்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படித் தடைச் சட்டம் போட்டிருந்தன. 2009ல் மாநில உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டம் இருக்கும்போது ஊர்கள் தனியாகச் சட்டம் போட முடியாது என்று அவற்றைச் செல்லாததாக்கியது. நியூயார்க்கின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2015ல் நாசாவ் கவுண்டி (மாவட்டம்) வழக்கில் அதே முடிவுக்கு வந்தது. மாசசூசெட்ஸில் லின் நகரத்தின் தடையும் அதே ஆண்டு விழுந்தது. நகரின் வீடுகளில் ஏறத்தாழ 95 சதவீதம் அந்தத் தடைக்குள் அடங்கியிருந்தன. நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவருக்குத் தடை வட்டம் என்ற வழி சட்டப்படியே இல்லை. புளோரிடாவில் இருப்பவருக்கு அது ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. மனுவைப் படிக்குமுன் ஊர் வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## எந்த அளவுகோல்களால் அளப்பது

முதலாவது, குற்றம் உண்மையில் குறைகிறதா. இதற்கு மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். 2000ல் நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு வெளியிட்ட அறிக்கைப்படி, காவல்துறைக்கு வந்த வழக்குகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் தாக்கியவர்களில் 34 சதவீதம் குடும்பத்தினர், 59 சதவீதம் பழக்கமானவர்கள், 7 சதவீதம்தான் முன்பின் தெரியாதவர்கள். நியூயார்க் மாநிலத்தின் கைதுகளை ஆராய்ந்து 2008ல் வெளியான ஆய்வில், பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் அப்படியொரு தண்டனை பெறாதவர்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்காது. பாலியல் குற்றத்துக்காகச் சிறையிருந்து 2005ல் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்த அரசு அறிக்கையில், மீண்டும் பாலியல் வன்முறைக்காகக் கைதானவர்கள் 7.7 சதவீதம். புகாராகாத குற்றங்கள் இந்த எண்ணில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆபத்து உண்டு, ஆனால் அது எல்லாப் புள்ளியிலும் சமமாக இல்லை, பெரும்பகுதி புள்ளிகளுக்கு வெளியே இருக்கிறது.

இரண்டாவது, தடைக்கு உள்ளானவர் எங்கே போய்ச் சேர்கிறார். மூன்றாவது, எந்த இனத்தவர், எந்த வருமானத்தவர் வாழும் பகுதி அவரை ஏற்கிறது. நான்காவது, நீதிமன்றத்தில் நிற்குமா. ஐந்தாவது, காவலர் நேரம், வழக்குச் செலவு, கருவிகள் என்று ஊருக்கு ஆகும் பணம்.

மூன்றாவது அளவுகோலைத்தான் மன்றங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் அதை முதலில் விரிக்கிறோம்.

## புள்ளிகள் ஏன் அந்தத் தெருக்களில் குவிகின்றன

2011ல் வெளியான ஓர் ஆய்வு, நாடு முழுவதிலும் இருந்து சுமார் 4.45 லட்சம் பதிவுகளைத் திரட்டியது. அதில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 22 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 13 சதவீதம் அளவில்தான். லத்தீனோக்களின் உண்மையான பங்கு இந்தப் பதிவுகளில் தெரியாது, பல மாநிலங்கள் அவர்களை வெள்ளையர் என்றே எழுதிவைக்கின்றன. பதிவேட்டை வைத்து இனக் கணக்குப் போடும் எவரும் முதலில் இடறுவது இங்கேதான்.

எண்ணிக்கையை விட முகவரிதான் அதிகம் பேசுகிறது. ஒரே வகைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று வெளியே வரும் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் ஒரே மாதிரிப் பகுதியில் போய்ச் சேர்வதில்லை. கறுப்பினத்தவர் சேரும் பகுதியில் வறுமை கூடுதல், காலி வீடுகள் கூடுதல், வேலை குறைவு. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை.

பெரிய அடுக்குமாடி நிறுவனங்கள் வாடகைக்கு விடுமுன் குற்றப் பின்னணியைச் சோதிக்கின்றன. பதிவேட்டில் பெயர் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சோதிக்காதவர்கள் பழைய வீடுகளை வைத்திருக்கும் தனி உரிமையாளர்கள், வாரக்கணக்கில் அறை விடும் விடுதிகள், டிரெய்லர் பூங்காக்கள். 1998ன் கூட்டாட்சிச் சட்டப்படி, ஆயுள் முழுதும் பதிய வேண்டியவர்களுக்கு அரசுப் பொதுக் குடியிருப்பிலும் வாடகை உதவிச் சீட்டிலும் இடமில்லை. மிஞ்சுவது அம்மா வீடு, அக்காள் வீடு. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதை 1930களில் கூட்டாட்சி வீட்டுக்கடன் நிறுவனம் சிவப்பு மையிட்டுத் தள்ளிவைத்த வரைபடங்கள் பெருமளவு தீர்மானித்துவிட்டன. அந்தச் சிவப்புப் பகுதிகளுக்கு அடமானக் கடன் கிடைக்காமல் போனதன் விளைவு இன்றும் வீட்டு விலையில் தெரிகிறது. சிறையிலிருந்து வருபவர் அங்கேதான் திரும்புகிறார். அந்தத் தெருவில் ஏற்கெனவே குழந்தை வளர்த்துக்கொண்டிருக்கும் மற்றக் குடும்பங்களைப் பற்றி எந்த மனுவும் பேசுவதில்லை என்பது எங்களை உறுத்துகிறது.

இந்த நிலப்பரப்பின் மேல் தடை வட்டத்தை வரைந்து பாருங்கள். நெருக்கமான நகர்ப் பகுதியில் ஒவ்வொரு சதுர மைலிலும் பள்ளி, காப்பகம், பூங்கா அதிகம். வட்டங்கள் ஒன்றோடொன்று மோதி இடைவெளியே இல்லாமல் போகும். சிகாகோவைப் பற்றி 2008ல் வெளியான ஆய்வு இதை அளந்து, வசதி குறைந்த பகுதிகளில்தான் தடைக்குட்பட்ட குடியிருப்பு நிலத்தின் பங்கு கூடுதல் என்றது. வாடகை தாங்கக்கூடிய இடத்தைச் சட்டம் அடைக்கிறது. சட்டம் அடைக்காத இடத்தை வாடகை அடைக்கிறது.

## வழி 1: வசிப்பிடத் தடை வட்டம்

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். 10 ஏக்கர் சதுர வளாகத்தில் ஒரு பள்ளி. ஒரு பக்கம் 660 அடி. தூரம் வளாகத்தின் எல்லையிலிருந்து அளக்கப்படுவதால், 1,000 அடித் தடை என்றால் அடைபடும் நிலம் வளாகத்தோடு சேர்த்து சுமார் 143 ஏக்கர். 2,500 அடி என்றால் சுமார் 612 ஏக்கர். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். ஒரே ஒரு தொடக்கப் பள்ளி ஏறத்தாழ ஒரு சதுர மைலை விழுங்கிவிடுகிறது. பத்துப் பள்ளிகளும் நாற்பது காப்பகங்களும் உள்ள ஊரில் மிஞ்சுவது தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலை ஓரமும்தான். புளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் பள்ளி, பூங்கா, காப்பகம், பள்ளிப் பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் சேர்த்து 1,000 அடி வரைந்தபோது வீட்டு மனைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் உள்ளே விழுந்தன. பேருந்து நிறுத்தத்தைப் பட்டியலில் சேர்க்கும் வரைவு எதுவானாலும், அது மறைமுகமாக ஊர் முழுவதையும் அடைக்கும் வரைவு.

குற்றம் குறைந்ததா? மினசோட்டா சிறைத்துறை, 1990 முதல் 2002 வரை விடுதலையாகி மீண்டும் பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்ற 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. வசிப்பிடத் தடை இருந்திருந்தால் தடுக்கப்பட்டிருக்கக்கூடிய வழக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை. பாதிக்கப்பட்டவரை அவர்கள் நெருங்கியது உறவு வழியாக, தோழியின் பிள்ளை என்ற வழியாக, வேலையிடத்துப் பழக்கம் வழியாக. பள்ளிக்கு எத்தனை அடியில் படுக்கை இருந்தது என்பது எதையும் மாற்றவில்லை. புளோரிடாவில் மீண்டும் குற்றம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் இணை இணையாக ஒப்பிட்ட 2010 ஆய்விலும், பள்ளிக்கோ காப்பகத்துக்கோ எவ்வளவு அருகில் வசித்தார்கள் என்பதில் வேறுபாடு தெரியவில்லை.

ஆட்கள் போய்ச் சேர்ந்த இடம்? மயாமி-டேட் கவுண்டி 2005ல் பள்ளிகளிலிருந்து 2,500 அடி என்று வகுத்தது. அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தத்தம் சட்டங்களைச் சேர்த்தன. விளைவாக ஜூலியா டட்டில் கடல்பாலத்தின் அடியில் ஆட்கள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 2010ல் அந்த முகாம் கலைக்கப்பட்டது. பிறகு ஹயலியா அருகே ரயில் பாதை ஓரத்தில் இன்னொன்று முளைத்து 2018 வரை நீடித்தது. கலிபோர்னியா 2006 நவம்பரில் வாக்கெடுப்பு மூலம் 2,000 அடித் தடையைக் கொண்டுவந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், பரோலில் (விடுதலைக்குப் பின் அரசின் கண்காணிப்பில்) இருந்த இவ்வகைக் குற்றவாளிகளில் வீடற்றவர்கள் எண்ணிக்கை சுமார் 24 மடங்காயிற்று. சான் டியேகோ கவுண்டியில் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாடகை வீடுகளில் சுமார் 97 சதவீதம் அடைபட்டுப்போனதாக 2015ல் மாநில உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டு, அங்கே பரோலில் இருப்பவர் எல்லோர்மீதும் கண்மூடித்தனமாக அதைச் செலுத்துவது அரசமைப்புக்கு முரண் என்றது.

மறைமுகச் செலவு இங்கேதான் ஏறுகிறது. முகவரி உள்ளவர் கலிபோர்னியாவில் ஆண்டுக்கு ஒரு முறை பதிந்தால் போதும். வீடற்றவர் 30 நாளுக்கு ஒரு முறை வர வேண்டும். இல்லினாயில் வீடற்றவர் வாரம் ஒரு முறை வர வேண்டும். அத்தனை முறையும் காவல் நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். காலில் கட்டும் ஜிபிஎஸ் கருவிக்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். பாலத்தடியில் மின்சாரம் இல்லை. கருவி அணைந்தால் ஆள் எங்கே என்று தெரியாது. அயோவாவில் 2,000 அடிச் சட்டம் அமலானபின் இருப்பிடம் தெரியாமல் போனவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனார்கள். அந்த மாநிலத்தின் கவுண்டி அரசு வழக்கறிஞர்கள் சங்கமே 2006ல் சட்டத்தை மாற்றச் சொன்னது; 2009ல் மாநிலம் அதைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுவதே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்பது எங்கள் கணக்கில் கனமான சாட்சி.

இனச் சுமையின் ஓட்டத்தை மில்வாக்கியில் பார்க்கலாம். சுற்றியுள்ள, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் புறநகர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போட்டன. ஆட்கள் கறுப்பினத்தவர் பெருமளவில் வாழும் மில்வாக்கி நகருக்குள் வந்தார்கள். நகரம் 2014ல் தற்காப்பாகத் தானும் ஒரு தடை போட்டது. வீடற்றவர் எண்ணிக்கை பல மடங்கு ஏறியதும் 2017ல் பின்வாங்கியது. பணக்காரப் புறநகரில் இந்தச் சட்டம் யாரையும் புதிதாகத் தடுப்பதில்லை, அங்கே வாடகையே ஏற்கெனவே தடுத்துவிட்டது. அது செய்வது, பக்கத்து ஊர்களைத் தற்காப்புப் பந்தயத்தில் இறக்குவதுதான்.

இது பொருந்தும் இடம் மிகச் சிறியது. பாதிக்கப்பட்டவரின் சொந்த வீடு, அவர் படிக்கும் பள்ளி ஆகியவற்றைச் சுற்றிய தடை அவசியம். அதை நீதிமன்றமே ஆணையில் எழுதலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், முன்பின் தெரியாத குழந்தைகளைத் தாக்கி, இன்னும் பரோலில் இருப்பவர்களுக்கு மட்டும், 300 முதல் 500 அடி. ஏற்கெனவே குடியிருப்பவருக்கும் சிறுவராக இருந்தபோது தண்டனை பெற்றவருக்கும் விலக்கு இருக்க வேண்டும்.

## வழி 2: நடமாட்டத் தடை

இரவில் எங்கே தூங்குகிறார் என்பதை விட்டுவிட்டு, பகலில் எங்கே சுற்றுகிறார் என்பதைக் கட்டுப்படுத்துவது. பள்ளி நேரத்தில் வளாகத்தின் அருகே காரணமின்றி நிற்கக் கூடாது, சிறுவர் விளையாட்டிடத்துக்குள் நுழையக் கூடாது என்பது போன்ற விதிகள். அயோவா 2009ல் வசிப்புத் தடையைச் சுருக்கியபோது 300 அடி நடமாட்டத் தடையைச் சேர்த்தது. தர்க்கப்படி இது வட்டத்தைவிட மேல்: பூங்காவுக்குப் போவதுதான் கவலை என்றால் பூங்காவைத்தான் காக்க வேண்டும். வீட்டையும் இது பறிப்பதில்லை.

பலவீனம் வாசகங்களில். “சிறுவர்கள் கூடும் எந்த இடமும்” என்று எழுதிய வட கரோலினாவின் விதியைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016ல் தள்ளியது. எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் இர்வைன் நகரின் பூங்காத் தடை, மாநிலச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2014ல் விழுந்தது. மாறாக, குறிப்பிட்ட ஒரு மனிதர் குழந்தைகளைப் பார்க்கவே பூங்காவுக்குப் போனது தெரிந்து, அவர் ஒருவருக்கு மட்டும் இந்தியானாவின் லஃபாயெட் நகரம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004ல் ஏற்றது. இடத்தைப் பெயர் சொல்லி, நேரத்தைக் குறித்து எழுதிய விதி நிற்கும்.

இனத்தைப் பொறுத்தவரை ஒரு கவலை உண்டு. “காரணமின்றி நிற்றல்” என்பதை யார்மீது செலுத்துவது என்பது ரோந்து போகும் காவலரின் கையில் இருக்கிறது. கறுப்பின இளைஞர்கள் பூங்காவில் நின்றதற்காகவே விசாரிக்கப்படும் ஊர்களில், பதிவேட்டில் உள்ளவரா என்று சோதிக்கும் சாக்கு இன்னொரு கருவியாகிவிடும். பள்ளி வாகனங்கள் வரும் நேரத்துக்கு மட்டும் என்று வரையறுப்பதும், காவலர் ஒருவரை நிறுத்தி விசாரிக்கும் ஒவ்வொரு முறையையும் இனவாரியாகப் பதிந்து வெளியிடச் சொல்வதும் இதைக் கட்டுக்குள் வைக்கும்.

## வழி 3: ஆளுக்கு ஆள் இடர் மதிப்பீடு

நியூ ஜெர்சியின் அமைப்பு இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டு மூன்று படிகளில் ஒன்றில் வைக்கிறது. அவர் அதை எதிர்த்து நீதிபதி முன் வாதாடலாம். முதல் படியில் காவல்துறைக்கு மட்டும் தகவல். இரண்டாம் படியில் பள்ளிகளுக்கும், குழந்தைகளைப் பராமரிக்கும் பதிவுபெற்ற அமைப்புகளுக்கும். மூன்றாம் படியில் வீடு வீடாக. வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள், தங்கள் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இந்தப் பட்டியலில் சேர்வது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

படி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். 2006ன் கூட்டாட்சிச் சட்டமும் மூன்று படிகள் வைக்கிறது: 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள். ஆனால் அவை தண்டனைப் பிரிவின் பெயரைப் பார்த்து வகுத்தவை, ஆளைப் பார்த்தல்ல. மீண்டும் குற்றம் நடப்பதைக் கணிப்பதில் அந்தப் படிகள் மோசம், ஸ்டாட்டிக்-99ஆர் போன்ற மதிப்பீட்டுக் கருவி மேல் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கருவியில் பத்துக் கேள்விகள்: விடுதலையின்போது வயது, முந்தைய பாலியல் குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் உறவா அந்நியரா, துணையோடு வாழ்ந்திருக்கிறாரா என்பன போன்றவை. அதிலும் ஒரு கீறல் உண்டு. முந்தைய தண்டனைகள் எத்தனை என்பதும் மதிப்பெண்ணில் சேர்கிறது. அதிகக் காவல் ரோந்துள்ள பகுதியில் வளர்ந்தவருக்கு அந்த எண் தானாகவே கூடும். ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், ஆண்டுதோறும் மறுபார்வையும் நீதிபதி முன் மறுக்கும் உரிமையும் சேர்ந்த அமைப்பையே கேளுங்கள்.

ஒரு கண்காணிப்பு அலுவலரின் கையில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் செலவு தெரியும். குறைந்த இடர் உள்ளவர்களை விட்டு நேரத்தை மேல் படிக்கு மாற்றினால்தான் இது வேலை செய்யும். எல்லோரையும் சமமாகப் பார்க்கும் அலுவலர் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை. எங்கள் கணிப்பில் பெரும்பாலான ஊர்களுக்கு இதுவே சரியான அடித்தளம்.

## வழி 4: குவியாமல் பரப்புதல்

ஒரே கட்டடத்தில், ஒரே தெருவில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு. மினசோட்டாவில் மிக உயர்ந்த இடர்ப் படியில் இருப்பவர்களை ஒரே இடத்தில் குவிக்காமல் இயன்றவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வட மினியாபொலிஸ் போன்ற ஏழைக் கறுப்பினப் பகுதிகள் நெடுங்காலமாக எழுப்பிய முறையீடு அதுவே. நியாயமான முறையீடு. குவியல் பல நேரம் அரசே உண்டாக்குவது: நியூயார்க்கின் சஃபோக் கவுண்டி 2007 முதல் 2013 வரை வீடற்ற பதிவேட்டினரை இரண்டு டிரெய்லர்களில் அடைத்து வைத்தது, அதில் ஒன்று கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் நிறைந்த ஏழைச் சிற்றூரான ரிவர்சைடில்.

ஆனால் வரம்பை மட்டும் போட்டு வேறிடத்தில் கதவைத் திறக்காவிட்டால் இது வழி 1ன் மறுவடிவம். இன்னொன்றும் உண்டு: மேற்பார்வையோடு சிலர் சேர்ந்து வாழும் வீடுகளில் விதிமீறல்கள் குறைவு என்று கொலராடோவின் அரசு வாரியம் 2004ல் கண்டது. ஒருவர் தவறினால் மற்றவர் சொல்லிவிடுகிறார். கட்டடத்துக்கு இத்தனை பேர் என்ற கடும் வரம்பு அந்த வீடுகளையும் மூடிவிடும். குவியலைக் குறைக்கும் கடமை அரசின் இடமளிப்பு அதிகாரிக்கு இருக்கட்டும், வாடகைக்கு வருபவருக்கு வேண்டாம்.

## வழி 5: வீடும் துணைக் குழுவும்

சிறையிலிருந்து வருபவருக்கு முதல் சில மாத வாடகை, வீட்டு உரிமையாளருக்கு உத்தரவாதம், அத்துடன் நான்கைந்து பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வாரந்தோறும் சந்தித்து, தவறும் அறிகுறி தெரிந்தால் அலுவலரிடம் சொல்லும் குழு. 1994ல் கனடாவின் ஹாமில்டனில் ஒரு மெனனைட் திருச்சபையில் தொடங்கிய முறை. மினசோட்டா 2008ல் எடுத்துக்கொண்டு, 100 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. குழு கிடைத்தவர்களிடம் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்தது. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 3.73 டாலர் மிச்சம். 100 பேர் சிறிய எண் என்பது உண்மை. இருந்தும் இந்தத் துறையில் குலுக்கல் முறையில் சோதித்த முறைகள் மிகச் சிலவே.

இதன் சிக்கல் ஆட்கள். தன்னார்வலர் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் ஓராண்டு நிலைப்பது அதைவிடக் கடினம். திருச்சபை இல்லாத ஊரில் யார் நடத்துவது என்ற கேள்வி எழும். வாடகை உதவியை ஏழைப் பகுதியில் மட்டும் செலவழித்தால் குவியலை அரசுப் பணத்தில் வளர்த்ததாகிவிடும்; கவுண்டி முழுவதிலும் உரிமையாளர்களைத் தேட வேண்டும். புறநகர் மன்றத்தில் இதைச் சொல்ல வாய் வராது என்பது தெரியும். சொல்லத்தான் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | குற்றத் தடுப்பு | ஆள் சேரும் இடம் | இனம், ஏழ்மைச் சுமை | நீதிமன்றத்தில் | செலவு |
|---|---|---|---|---|---|
| வசிப்புத் தடை | சான்று இல்லை | தெரு, முகாம், பக்கத்து ஊர் | மிக அதிகம் | பல மாநிலங்களில் விழுந்தது | மறைமுகமாக அதிகம் |
| நடமாட்டத் தடை | ஓரளவு வாய்ப்பு | வீடு நிலைக்கும் | காவலரைப் பொறுத்தது | குறுகி எழுதினால் நிற்கும் | நடுத்தரம் |
| இடர் மதிப்பீடு | நல்லது | வீடு நிலைக்கும் | குறைவு, மதிப்பெண்ணில் கவனம் தேவை | உறுதி | அலுவலர் சம்பளம் |
| பரப்புதல் | தெளிவில்லை | மாற்று வீடு இருந்தால் மட்டும் நல்லது | குறைக்கும் நோக்கம் | எழுதும் விதம் பொறுத்து | குறைவு |
| வீடும் குழுவும் | சிறந்த சான்று | நிலையான முகவரி | பரவலாகச் செய்தால் குறைவு | சிக்கல் இல்லை | தொடக்கத்தில் கூடுதல் |

## கூட்டத்துக்கு முன் நீங்களே போடக்கூடிய கணக்கு

மென்பொருள் தெரிந்த நம்மவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வார இறுதியில் முடியும் வேலை இது. கூட்டத்தில் பேச்சைவிட வரைபடம் எடுபடும்.

கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து மனை எல்லை வரைபடத்தையும், மாநில உரிமப் பட்டியலிலிருந்து காப்பகங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS) போதும். முதலில் உங்கள் மாநிலத்தின் அடிக் கணக்கிலான தள ஆய அமைப்புக்கு (State Plane) எல்லா அடுக்குகளையும் மாற்றுங்கள். அட்சரேகைப் பாகையில் விட்டுவிட்டு 1,000 என்று தட்டினால் வட்டம் உலகத்தையே மூடும். வளையத்தை மனை எல்லையிலிருந்து வரையுங்கள், பள்ளியின் நடுப்புள்ளியிலிருந்து வரைந்தால் அடைபடும் நிலம் பாதியாகத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று விழும் வளையங்களை ஒன்றாகக் கரைக்க மறந்தால் ஒரே மனை மூன்று முறை எண்ணப்படும்.

நிலப்பரப்பை எண்ணாதீர்கள். கோல்ஃப் மைதானமும் கிடங்கும் வெளியே விழுந்தால் “இன்னும் 40 சதவீதம் திறந்திருக்கிறது” என்று யாராவது சொல்லுவார். வாடகை வீடுகளை எண்ணுங்கள், அதிலும் தாங்கக்கூடிய வாடகையை. மணிக்கு 15 டாலர், வாரம் 40 மணி உழைப்பவருக்கு மாதம் 2,600 டாலர். அதில் 30 சதவீதம் 780 டாலர். அந்த வாடகைக்குள் வளையத்துக்கு வெளியே எத்தனை வீடு இருக்கிறது என்பதே விடை. பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஐந்தாண்டுச் சமூக ஆய்விலிருந்து இனத்துக்கு பி03002, வாடகைக்கு பி25064, சொந்த வீடா வாடகையா என்பதற்கு பி25003 அட்டவணைகளை எடுத்து மேலே போடுங்கள். சிறு பகுதிகளில் பிழை வரம்பு பெரிது; அடுத்தடுத்த பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பதிவேட்டுப் புள்ளிகளை அப்படியே நம்ப வேண்டாம். இன்னும் சிறையில் இருப்பவரும் வேறு மாநிலத்துக்குப் போனவரும் சில பட்டியல்களில் தொடர்கிறார்கள். முகவரி பொருந்தாதபோது அஞ்சல் குறியீட்டின் நடுவில் புள்ளி விழும். அங்கே குடியிருக்கும் குடும்பம் காரணமின்றிச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

## எந்த ஊருக்கு எது

நியூ ஜெர்சி, நியூயார்க் போல ஊருக்கு அதிகாரமில்லாத மாநிலமென்றால், மனுவில் நேரம் போக்காமல் வழி 3ன் அறிவிப்பு அமைப்பு சரியாக இயங்குகிறதா என்று கேளுங்கள். வழி 5க்குக் கவுண்டியிடம் நிதி கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நபர் குறிப்பிட்ட பூங்காவில் திரிவதுதான் கவலையென்றால் வழி 2ஐ அவர் ஒருவருக்காகக் கேளுங்கள். உங்கள் ஊரில் ஒரே கட்டடத்தில் பலர் இருந்தால், அவர்களை அங்கே அனுப்பியது எந்த அலுவலகம் என்று கண்டுபிடித்து வழி 4ஐ அதன்மீது வையுங்கள். தடை வட்டம் ஏற்கெனவே அமலில் இருந்து, நீக்க வாக்குகள் இல்லையென்றால், நான்கு திருத்தங்களைக் கேளுங்கள்: பேருந்து நிறுத்தமும் வீட்டுக் காப்பகமும் பட்டியலிலிருந்து நீங்கட்டும்; ஏற்கெனவே குடியிருப்பவரின் அருகே புதிதாகப் பள்ளி வந்தால் அவருக்கு விலக்கு இருக்கட்டும்; நீதிபதி முன் தனிப்பட்ட விலக்குக் கேட்கும் வழி இருக்கட்டும்; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பதிவேட்டினரில் வீடற்றவர் எத்தனை, தலைமறைவானவர் எத்தனை, எந்தக் கணக்கெடுப்புப் பகுதியில் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை இனவாரியாகக் காவல்துறை மன்றத்தில் வைக்கட்டும், வைக்காவிட்டால் சட்டம் தானாகக் காலாவதியாகட்டும்.